சித்தப்பாவின் நார்மல் ரத்தம்

சித்தப்பாவை நான் மன்னிக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் மனம் இளகுவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

தொண்ணூறுகளின் நடுவில் மயிலாப்பூரில் நாங்கள் மாடியிலும் சித்தப்பா குடும்பம் கீழேயும் இருந்தோம். அப்பாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. அது சிறுநீரகத்தில் கை வைத்துவிட்டது. காலையில் எழுந்தால் முகம் உப்பியிருக்கும்; கணுக்காலை அமுக்கினால் குழி விழும். உப்பைக் குறைத்து, இனிப்பை அடியோடு நிறுத்தினால் மிச்சமிருப்பதையாவது காப்பாற்றலாம் என்றார் டாக்டர். அம்மா உப்பில்லாமல் குழம்பு வைக்கப் பழகினாள். சித்தப்பாவோ, சாயங்காலமானால் காலாற நடக்கலாம் என்று அப்பாவைக் குளக்கரைக்கு அழைத்துப் போய், திரும்பும் வழியில் ஓட்டலில் கேசரியும் போண்டாவும் வாங்கிக் கொடுத்துக் கூட்டி வருவார்.

கேட்டால் சிரிப்பார். "ஒரு வாய் சாப்ட்டா என்னடி ஆயிடும்? சர்க்கரை இன்னிக்கு ஏறும், நாளைக்கு எறங்கும். எலியை அறுத்துண்டு இருக்கறவ எனக்கு வைத்தியம் சொல்ல வந்துட்டா!"

எலியை அறுத்தது உண்மைதான். அடையாற்றுப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில், ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் என்பதில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். ரத்தத்தில் சர்க்கரை மிஞ்சினால், நாம் சுவாசிக்கிற ஆக்சிஜனே நமக்கு எதிராகத் திரும்புகிறது. அதிலிருந்து பிறக்கும் முரட்டுத் துணுக்குகள் சிறுநீரக வடிகட்டியில் உள்ள கொழுப்பைத் தாக்கி, அப்பளம் பொரித்த பழைய எண்ணெய் மாதிரி கெடுத்துவிடும். சர்க்கரை மறுநாள் இறங்கலாம். கெட்டது கெட்டதுதான். அந்தச் சேதத்தின் அடையாளத்தை, அப்பா உள்பட நோயாளிகளின் ரத்தத்தில் அளப்பது என் வேலை. மருந்து சேர்த்துக் கொதிநீரில் வைத்தால் டியூபில் ரோஜா நிறம் வரும். நிறம் ஏற ஏற, சேதம் அதிகம்.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ரத்தமும் வேண்டும். அதற்கு எங்களுக்கு அகப்படுவது வீட்டு மனிதர்கள்தான். சித்தப்பா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தானாகவே வந்தார்.

"நார்மல்னா என்னைப் பாரு. அண்ணாவையே பார்த்துண்டு இருந்தா உனக்கு ஆரோக்கியம்னா என்னன்னே மறந்துடும்."

அவருடைய டியூப் அப்பாவுடையதைவிடச் சிவந்தது. மருந்தில் கோளாறு என்று மறுபடி செய்தேன். அதே நிறம். அதை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது. சர்க்கரை பார்த்தேன், எகிறிக் கிடந்தது. மறுநாள் சிறுநீர் வாங்கிக் காய்ச்சினேன். புரதம் வெள்ளையாகத் திரண்டது; அவருடைய சிறுநீரகமும் கசியத் தொடங்கியிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்கு வேறு வார்த்தை இல்லை.

அன்று சாயங்காலம் நல்ல மழை. வெளியே போக முடியாததால் கேசரி வாழையிலைப் பொட்டலமாக மாடியேறி வந்தது. அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். கூடத்தில் அம்மாவும் சித்தியும் இருந்தார்கள். வேண்டுமென்றே அவர்கள் இருக்கும்போதுதான் சொன்னேன்.

"பிரிக்காதீங்கோ சித்தப்பா. இனிமே அது உங்களுக்கும் ஆகாது."

சோதனையில் கண்டதையெல்லாம் நான் சொல்லக் கேட்டு முடித்ததும் அவர் முகம் சுண்டிப்போயிற்று. தன் உடம்பைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. உள்ளறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அப்போ, அண்ணாவுக்கு... நான் வாங்கிக் குடுத்ததாலதான் இப்படி ஆச்சா?"

பல வருஷத்து நோய். எந்தக் கேசரி எவ்வளவு கெடுத்தது என்று எந்த டியூபும் காட்டாது. அந்த வீட்டில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"ஆமாம்," என்றேன்.

மறுநாள் மழை விட்டிருந்தது. அப்பா சட்டை போட்டுக்கொண்டு, வீங்கிய காலைச் செருப்பில் திணித்து, மாடிப்படியில் உட்கார்ந்தார். இருட்டும்வரை சித்தப்பா வரவில்லை.

"அவனுக்கு என்னடி ஆச்சு?"

"உடம்பு சரியில்லை," என்றேன்.

செருப்பை அவரால் கழற்ற முடியவில்லை. நான்தான் குனிந்து கழற்றினேன். வார் அழுந்திய இடத்தில் ஆழமாகக் குழி விழுந்திருந்தது. அதைப் பார்த்ததும், கீழே போய் இன்னொரு தடவை "ஆமாம்" என்று சொல்லிவிட்டு வரலாமா என்றிருந்தது.