மரவள்ளி இலையும் நானும்

இலையைக் கசக்கிவிட்டுக் காத்திருப்பதுதான் என் தொழில். ஆய்வு மாணவராகக் காலம் தள்ளியவர்களுக்கு இந்த அவஸ்தையை விளக்க வேண்டியதில்லை. மரவள்ளி இலையில் ஒரு நொதி உண்டு. இலை கசங்கினால், இரண்டு கார்பன் அணுக்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிணைப்பை அது அறுத்துவிடும். உள்ளே அடங்கியிருந்த விஷம் வெளியே வரும். திண்டிவனத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் அந்த நொதியோடுதான் என் பொழுது போகிறது.

ஐஸ் பெட்டி

விழுப்புரத்தில் பஸ் ஏறி, இலை நிரப்பிய ஐஸ் பெட்டியை மடியில் வைத்தபடி கண்ணயர்ந்துவிட்டேன். முண்டியம்பாக்கத்தில் கண்டக்டர் எழுப்பினார். அங்கிருக்கும் பெரியாஸ்பத்திரிக்குக் கிட்னி கொண்டுபோகிறேன் என்று நினைத்து, இறங்க வழிவிடச் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே இருப்பது இலை என்றேன். வேர்க்கடலை மூட்டையோடு நின்றுகொண்டிருந்த ஓர் அம்மா பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். "இலைக்கு ஐஸு, சீட்டு எல்லாம் கீது. நான் மல்லாட்டை மூட்டைய வச்சிக்கினு நின்னுக்கினே வர்றேன்."

செல்வி அக்காவின் ஆடு

விழுப்புரம் பக்கத்துக் காணையில் பனி விலகாத காலை. மரவள்ளிக் கொல்லைக்குள் நடந்தால் ஈர இலைகள் தோளைத் தடவும். வந்த வேலையே மறந்துபோகும். கொல்லைக்காரர் செல்வி அக்காவின் அலறல்தான் என்னை உலுக்கியது. வெட்டிப் போட்டிருந்த இலையைத் தின்றுவிட்டு அவருடைய சினை ஆடு மூச்சுத் திணறிக் கிடந்தது. கால்நடை டாக்டரிடம் போனில் விஷத்தின் பெயரைச் சொன்னேன். அதற்கான ஊசியோடு வந்தார்.

ஆட்டின் தலையை மடியில் தாங்கி இருவரும் உட்கார்ந்திருந்தோம். வெயில் ஏறியபோது அது எழுந்து தண்ணீர் குடித்தது. இலைக்குள் நடப்பதைச் சொன்னேன். அக்கா செடியை வெகுநேரம் பார்த்தார். "கடிச்சா அதுக்கும் கோவம் வரும்ல. நாந்தான் ஆட்டைக் கட்டிப் போட்டிருக்கணும்."

ஸ்டெல்லாவின் கேள்வி

ஆய்வக உதவியாளர் ஸ்டெல்லா கணவரோடு சண்டை போட்டு, வானூரிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்துவிட்டவர். கணவரோ தினமும் சாயங்காலம் கல்லூரி வாசலில் பைக்கோடு நிற்பார். ஸ்டெல்லா பின்கேட் வழியாகப் போய்விடுவார்.

ஒரு மத்தியானம், கருவிகளின் மெல்லிய இரைச்சலில் இருவரும் பாதி உறக்கத்தில் இருந்தோம். "இது அறுக்க மட்டுந்தானாக்கா?" என்று கேட்டார். தோதான சூழ்நிலை அமைந்தால் இதே நொதி அறுத்ததைச் சேர்த்தும் வைக்கும் என்றேன். அவர் சோதனைக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்தார். சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு முன்வாசல் பக்கம் திரும்பியவர் சொன்னார்: "அவராண்ட நீங்க எதுவும் சொல்லிடாதீங்க. நானே போய் பேசிக்கிறேன்."

என் ஆய்வுக் கட்டுரையைத் தவிர மற்ற எல்லாமே இப்படி நல்லபடியாக முடிந்துகொண்டிருக்கிறது.