ஆறாவது டிரிப்

போன வாரம் அந்தப் பழைய பிரிட்டிஷ் படத்தை மறுபடி பார்த்தேன். கறுப்பு வெள்ளை. ஜல்லி ஏற்றிய லாரிகளை வைத்துக்கொண்டு, யார் அதிக நடை அடிப்பது என்று டிரைவர்கள் ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டு பறப்பார்கள். பார்த்தால் குலை நடுங்கும். ஒரு காலத்தில் நான் போட்டுக் காட்டியபோது மட்டும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

துபாய் முழுக்கக் கட்டடங்கள் முளைத்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அல் கூஸில் ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் நான் கிளார்க். தினமும் எந்த வண்டி எத்தனை டிரிப் அடிக்க வேண்டும் என்று பலகையில் எழுதுவது என் வேலை; வண்டிக்கு ஆறு. டிரைவர்களுக்கு சேஃப்டி கிளாஸ் எடு என்றார் மேனேஜர். எனக்கு சைக்கிளே தடுமாறும். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை!

வெள்ளிக்கிழமை காலை கேம்ப் மெஸ்ஸில் படத்தைப் போட்டேன். வேகத்தின் விளைவைப் பாருங்கள் என்று பீடிகை வேறு. பத்தாவது நிமிடமே ஓர் அரியலூர்க்கார டிரைவர் எழுந்தார்.

"சார், அந்த வண்டி காலி."

"ஜல்லி ஏத்தினாங்களேண்ணே?"

"ஏத்துற மாதிரி காட்டுனாங்க. லோடு இருந்தா பின்னாடி இப்படிக் குதிக்குமா? ஸ்பிரிங் பட்டை அமுங்கவே இல்ல பாருங்க."

அதன்பிறகு கதாநாயகனை யாரும் பார்க்கவில்லை. மெஸ்ஸே பின்சக்கரத்தைப் பார்த்துச் சிரித்தது. என் மானம் கப்பலேறியது.

"ஒருநா லோடோட வாங்க சார், தெரியும்" என்றார் அவர்.

அவருக்கு ஏற்கெனவே வேகத்துக்காக இரண்டு வார்னிங். இரண்டையும் டைப் அடித்தவன் நான்தான். மூன்றாவது வந்தால் விசா கேன்சல், நேராக ஊர். அங்கே அவர் கட்டும் வீடு ஜன்னல் மட்டத்தில் நின்றது.

மறுநாள் அவர் டிப்பரில் ஏறினேன். ஜெபல் அலி பக்கம் சைட். லோடு வண்டி பிரேக்கை மிதித்த பிறகும் போய்க்கொண்டே இருந்தது. டிராஃபிக்கில் மாட்டி ஐந்தாவது டிரிப் முடியவே நாலு மணி. ஐந்தரைக்கு சைட் கேட்டை மூடிவிடுவார்கள். ஆறாவது டிரிப்பில் நான் வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கொஞ்சம் அழுத்துங்கண்ணே, யல்லா, சீக்கிரம்!"

சேஃப்டி வாத்தியார் வாயிலிருந்து வந்தது இது. அவர் அழுத்தினார். ரோட்டோரக் கேமரா பளிச்சென்று மின்னியது.

"கலாஸ், முடிஞ்சுது சார்" என்றார் மெதுவாக. "பெட்டி கட்ட வேண்டியதுதான்."

ஒரு திட்டுகூடத் திட்டவில்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

காலையில் மேனேஜரிடம் போய், அழுத்தச் சொன்னது நான்தான் என்றேன். அரைமணி நேரம் கத்தினார். கடைசியில் வார்னிங்கை உன் பேருக்கே அடித்துக்கொள் என்றார். அடித்தேன். அரியலூர்க்காரர் பிழைத்தார்.

அன்றே பலகையில் ஆறை அழித்து ஐந்து என்று எழுதினேன். மேனேஜர் கூப்பிட்டு மறுபடி கத்துவார் என்று காத்திருந்தேன். ஒரு வாரம் போனது, ஒரு மாதமும் போனது. யாரும் கேட்கவில்லை. ஆறு வேண்டுமென்று முன்பும் யாரும் சொன்னதில்லை. நல்ல பேர் வாங்க நானாகக் கூட்டி வைத்தது அது.

அவருடைய பழைய வார்னிங் இரண்டையும் ஃபைலில் இருந்து எடுத்துப் பார்த்தேன். இரண்டுமே ஆறாவது டிரிப்பில் வந்தவை.