பிறபொருளெதிரி என்றொரு சொல்

என் மனைவியின் நோய் பிற்பகலில்தான் முகங்காட்டும். காலையில் எழுந்து கோலமிடுவாள். நாளிதழின் சிற்றெழுத்துகளையும் விடாமல் படிப்பாள். மூன்று மணிக்குமேல் இடக்கண்ணின் இமை தானே இறங்கும். முதலில் கண்ணைத்தான் ஐயுற்றோம். அரியலூரில் இருமுறை கண்ணாடி மாற்றினோம். பிறகு பேச்சு குழறியது. நான்கு வாக்கியம் பேசினால் ஐந்தாவது மூக்கால் வரும். சோற்றை மென்றுகொண்டிருக்கையிலேயே தாடை ஓய்ந்துவிடும்; அதைக் கையால் தாங்கிக்கொண்டு மெல்வாள்.

பெரம்பலூரில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போய்ச் சேர்வதற்குள் ஓராண்டு கழிந்துவிட்டது. சுண்ணாம்புக்கல் லாரிகளின் பின்னே ஊர்ந்து செல்லும் பேருந்தில் அவள் என் தோளில் சாய்ந்து உறங்குவாள். நான் உறங்குவதில்லை. குருதிச் சோதனையின் முடிவைப் பார்த்த அந்த இளம் பெண் மருத்துவர் சொன்னார்:

"அம்மா உடம்புல உண்டாகுற ஆன்ட்டிபாடியே அவங்க தசையத் தாக்குதுங்க ஐயா. நரம்பு சொல்றது தசைக்குப் போய்ச் சேர மாட்டேங்குது."

அந்தச் சொல்லை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவர என் மனம் ஒப்பவில்லை. முப்பதாண்டுகள் தமிழாசிரியனாக இருந்து, மாணவர் ஏடுகளில் பிறமொழிச் சொற்களைச் சிவப்பு மையால் அடித்தவன் நான். பிறபொருளெதிரி என்று அதற்கு நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. வெளியிலிருந்து உடலுக்குள் புகும் பிறபொருளை எதிர்ப்பது என்று அன்றே அவளுக்குப் பிரித்துரைத்தேன். அவளிடத்தில் அது பிறபொருளை விட்டுத் தன்பொருளையே எதிர்க்கிறது என்றும் சொன்னேன்.

ஏழெழுத்துச் சொல். அவள் நாக்கு நான்காம் எழுத்திலேயே களைத்தது.

"பிறபொரு... போங்க, வாய் நோவுது. வேற சின்னதா இல்லையா?"

"எதிரி என்று மட்டும் சொல். போதும்."

அது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. இமை தாழும்போதெல்லாம் "எதிரி வந்துட்டான்" என்பாள். ஒருநாள் என்னைப் பார்த்து, "எனக்கு ரெண்டு எதிரிங்க. ஒருத்தன் உள்ள இருக்கான், ஒருத்தரு நாற்காலியில உக்காந்து பேப்பர் படிக்கிறாரு" என்றாள். இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பும் அவள் முகத்தில் பாதிதான் ஏறியது. மாத்திரைகளோடு சில திங்கள் அப்படியே நகர்ந்தன.

சென்ற கார்த்திகையில் கஞ்சி அவள் மூக்கின் வழியே வெளிவரத் தொடங்கியது. மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறியது. பெரம்பலூரிலேயே மருத்துவமனையில் சேர்த்தேன். விழுங்கும் தசையை அடுத்து மூச்சுத் தசையும் ஓயக்கூடும், அதற்குள் ஐந்து நாள் ஒரு மருந்தைக் குருதியில் ஏற்றியாக வேண்டும் என்று மருத்துவர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். செவிலிப்பெண் குப்பியோடு வந்தாள்.

"என்னம்மா இது?" என்றாள் என் மனைவி.

"ஆன்ட்டிபாடிம்மா. நெறையப் பேரு ரத்தத்துலேருந்து பிரிச்செடுத்தது."

மனைவி கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். "ஏங்க, ஆன்ட்டிபாடின்னா எதிரின்னுதானே சொன்னீங்க?"

"ஆம். ஆனால்..."

"உள்ள இருக்குறவன் பத்தாதுன்னு ஊர்ல உள்ள எதிரியெல்லாம் ஏத்தப் போறாங்களா? எனக்கு வேணாம். வூட்டுக்குப் போயிடலாம்."

மருத்துவர் வந்து கட்டில் விளிம்பில் அமர்ந்தார். "எல்லா ஆன்ட்டிபாடியும் கெட்டது இல்லம்மா. காய்ச்சல் வந்தா நம்மளக் காப்பாத்துறதும் அதான். உங்களுதுல கொஞ்சம் வழி தப்பிப் போச்சு. நல்லது கூட்டமா உள்ள போனா, வழி தப்புனது அடங்கும், சீக்கிரம் கழிஞ்சும் போவும். எப்படி அடக்குதுன்னு முழுசா எங்களுக்கே தெரியல. ஆனா கேக்குதும்மா."

மனைவி அவரைப் பரிவோடு பார்த்தாள். "உங்களுக்கு மருந்து தெரியும் கண்ணு. சொல்லுக்கு அர்த்தம் இவருக்குத்தான் தெரியும். இவரு சொல்லுல தப்பே வராது." கடைசிச் சொற்கள் மூக்கால் வந்தன.

எந்தப் பாராட்டும் என்னை அவ்வளவு அழுத்தியதில்லை. எதிர்ப்பு எல்லாம் பகையன்று, காவலும் ஒருவகை எதிர்ப்பே என்று தொடங்கினேன். அவள் கண்கள் மூடிக்கொண்டன. நோயாலா, என் உரையாலா என்று தெரியவில்லை. செவிலிப்பெண் குப்பியைப் பிடித்தபடி நின்றாள். குற்றம் சொல்லினுடையதன்று; ஏழெழுத்தில் நான்கை வெட்டி எறிந்தவனுடையது. நாற்பதாண்டு இல்வாழ்வில் அவள் பேச்சை எத்தனையோ முறை திருத்தியிருக்கிறேன். என் பேச்சை அவள் முன் திருத்திக்கொண்டதே இல்லை.

"இந்தாம்மா, நான் தப்பா சொல்லிட்டேன்" என்றேன்.

ஒரு கண் திறந்தது. "என்னது?"

"உனக்கு வாய் நோவுதேன்னு வாலை மட்டும் வெட்டிக் குடுத்துட்டேன். அது எதிரி இல்ல, காவல்காரன். உன் காவல்காரங்கள்ல நாலு பேரு புத்தி பெரண்டு வூட்டு ஆளையே அடிக்கிறாங்க. அவங்களை அடக்கத்தான் வெளியூர்லேருந்து காவல்காரங்க வராங்க."

"தப்புன்னு நீங்களா சொல்றீங்க?"

"நான்தான் சொல்றேன்."

"சிஸ்டர், நீங்கதான் சாட்சி" என்று சொல்லிவிட்டுப் போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து நீட்டினாள்.

ஐந்து நாள் அந்தக் கட்டிலருகே அமர்ந்திருந்தேன். மருந்து மிக மெதுவாக இறங்கும். அவளுக்குத் தலைவலி வரும், வேகத்தைக் குறைப்பார்கள், நேரம் இன்னும் நீளும். என் முதுகும் முழங்காலும் தத்தம் இடத்தில் முனகின. இதன் பயன் சில வாரங்களுக்குத்தான், திரும்பவும் வரவேண்டியிருக்கலாம் என்று மருத்துவர் முன்னரே சொல்லிவிட்டார்.

ஐந்தாம் நாள் பகலில் பாலில் குழைத்த அரை இட்லியைக் கரண்டியால் ஊட்டினேன். ஒவ்வொரு வாய்க்கும் இடையே ஓய்ந்து, பிறகு விழுங்கினாள். மூக்கில் எதுவும் ஏறவில்லை. மீதி அரைக்கு அவளிடம் தெம்பில்லை. போதும் என்று கையைக் காட்டினாள். அதை நான் தின்றேன். எனக்கும் பசித்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.