சுறா வறையும் சோறும்

என் உணவுக்குழாயில் வந்தது அரிய வகைப் புற்றுநோய். ஒப்பரேசனில் விலா எலும்பை விரித்து, குழாயை வெட்டியெடுத்து, இரைப்பையை நெஞ்சுக்குள் இழுத்துத் தைத்தார்கள். மிச்சமிருக்கிற நோயோடு என் உடம்பே சண்டை பிடிக்கட்டும் என்று பிறகு ஊசி தொடங்கினார்கள். கோழிக்குஞ்சு மாதிரிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பிடவேணும் என்றார் டொக்டர்.

குச்சவெளியில் மீன்பிடிக்கிற என் அண்ணனுக்கு இதை விளங்கப்படுத்த ஏலாது. எங்கள் குடும்பத்தில் நோயாளிக்கு, சுறாவை உதிர்த்துத் தேங்காய்ப்பூ போட்டு வறுக்கிற சுறா வறையும் சோறும்தான் மருந்து. ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் லிங்கநகரிலுள்ள என் வீட்டுக்குச் சட்டியோடு பஸ் ஏறி வந்துவிடுவார்.

அன்றைக்கும் வந்தார். இரண்டு வாய் சாப்பிட்டதும் "காணும் அண்ணே, இதுக்கு மேல இறங்காது" என்றேன். "வாயைத் திற, எலும்பும் தோலுமாக் கிடக்கிறாய்" என்று என் தாடையைப் பிடித்து, முட்டையளவு கவளத்தைத் திணித்தார். அது நெஞ்சில் அடைத்தது. மூச்சு நின்று கண் இருண்டது. கக்கி முடித்த கையோடு பீங்கான் தட்டைத் தூக்கி அவர் முகத்தில் அடித்தேன். புருவம் பிளந்து சோற்றின் மேல் இரத்தம் சொட்டியது. "என்னைக் கொல்லவா வந்தனீங்கள்?" என்று கத்தி, சட்டையைப் பிடித்து அவரைச் சுவரோடு மோதினேன். மனைவி ஓடிவந்துதான் என்னைப் பிரித்தாள்.

அண்ணன் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் நுனியால் நெற்றியைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தார். கண் நிறைந்திருந்தது.

"போன மாசம் தேத்தண்ணிக் கோப்பையைக்கூடத் தூக்க ஏலாமக் கிடந்தனீ," என்றார். "இன்னொருக்கா அடி, பாப்பம்."