வெட்டப் போன டிராக்டரும் நான் வைத்த பெடலும்

அந்த டிராக்டரை வெட்டத்தான் என்னை அனுப்பினார்கள். கள்ளக்குறிச்சியில் ஒரு பழைய இரும்புக் கடையில் கேஸ் கட்டர் பிடிப்பது அப்போது என் வேலை. மணலூர்பேட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் அந்தக் காலத்து வெளிநாட்டு வண்டி ஒன்று இருக்கிறது, துண்டு போட்டு ஏற்றிக்கொண்டு வா என்றார் முதலாளி. உடைந்த லாரிச் சாமான்கள் பாதி ஏற்றியிருந்த ஒரு லாரியில், இரண்டு சிலிண்டரோடு போய் இறங்கினேன். மறுநாள் விடிந்தால் சாலை மறியல்.

இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் என்று அறிவித்திருந்தார்கள். ரோட்டோரப் புளியமரம் ஒன்றை அறுத்துக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, சைக்கிளையே தோளில் தூக்கித்தான் தாண்ட வேண்டும். என்னோடு வந்த டிரைவர், மாமியார் ஊர் பக்கத்தில்தான் என்று வயல் வழியாக நடையைக் கட்டிவிட்டான். நான் எங்கே போவது? சிலிண்டர் காணாமல் போனால் முதலாளி என்னையே வெட்டி எடைக்குப் போட்டுவிடுவார்.

டிராக்டர்காரர் வீட்டிலேயே சாப்பாடு, அவர்கள் கொட்டகையிலேயே படுக்கை. அவர் மனைவிதான் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"சோறு போட்றேன், தின்னுங்கண்ணே. ரோடு தொறக்கற வரைக்கும் வண்டில மட்டும் கை வெக்காதீங்க."

இரும்பை வெட்டிப் பிழைக்கிறவன் சொல்லக் கூடாது, ஆனாலும் அந்த வண்டியைப் பார்த்ததும் எனக்கு வாயடைத்துப் போனது. இரண்டே சிலிண்டர், படுக்கைவாட்டில். பக்கத்தில் செக்கு உரல் பருமனில் ஒரு சக்கரம். அதைக் கையால் சுற்றித்தான் எஞ்சினை எழுப்ப வேண்டும். எனக்குக் காட்டுவதற்காக அந்த அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரே சுற்றுச் சுற்றினார். டொப், டொப் என்று அது மூச்சுவிட ஆரம்பித்ததும் தரை அதிர்ந்து என் உள்ளங்காலில் ஏறியது. இதையா வெட்டப் போகிறோம் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

விற்கக் காரணம் டிராக்டர்காரருடைய வலது தோள். போன அறுப்பில் வைக்கோல் போரிலிருந்து விழுந்ததில் மூட்டு இறங்கி, சரியாக உட்காராமலே இறுகிவிட்டது. அந்த வண்டிக்குக் கிளட்ச் காலில் கிடையாது. வலது பக்கம் நீளமாக ஒரு லிவர். முன்னால் தள்ளினால் ஓடும், பின்னால் இழுத்தால் நிற்கும். அவர் கை பின்னால் போகவே போகாது. இடது கையால் லிவரைப் பிடித்தால் ஸ்டியரிங்கை யார் பிடிப்பது?

"ஓட்ட முடியாத வண்டிய வூட்ல வெச்சிக்கினு இன்னா பண்றது மேஸ்திரி? பாக்கறப்பெல்லாம் வயிறு எரியுது," என்றார். இருபது வருடம் ஓட்டியவர். சொல்லும்போது வண்டிப் பக்கம் திரும்பவில்லை.

சும்மா உட்கார்ந்தால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும். மூன்றாம் நாள் எங்கள் லாரியில் கிடந்த சாமான்களைக் கிளறினேன். ஒரு லாரிக் கிளட்ச் பெடல் கையில் தட்டுப்பட்டது. அடேய், கை போனால் என்ன, கால் இருக்கிறதே என்று மண்டையில் உறைத்தது. அவரிடம் கேட்டேன். எப்படியும் வெட்டப் போகிற வண்டிதானே, உன் இஷ்டம் என்றார்.

வெட்டக் கொண்டுபோன கேஸை வைத்தே ஒட்டினேன். வெல்டிங் ராடு இல்லை, வேலிக் கம்பியை உருக்கி ஊற்றினேன். லிவரை அடியோடு அறுத்து எடுத்துவிட்டு, அது இருந்த தண்டோடு பெடலைச் சேர்த்தேன். மிதித்தால் வண்டி நின்று, காலை எடுத்தால் தானாகவே கிளம்புகிற மாதிரி ஒரு முரட்டு ஸ்பிரிங்கும் போட்டேன். இரண்டு நாள் அந்த அம்மா கூடவே நின்றார். சுத்தியல் கேட்டால் சுத்தியல், தண்ணீர் கேட்டால் தண்ணீர். அதோடு ஆயிரம் கேள்வி. "இத்த அமுக்கினா இன்னா ஆவும்? வுட்டா இன்னா ஆவும்?" நானும் எரிச்சலோடு பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஐந்தாம் நாள் டிராக்டர்காரரை ஏற்றி உட்கார வைத்தேன். இடது கை ஸ்டியரிங்கில், வலது கால் பெடலில். வண்டி நகர்ந்தது. கிணற்றுக் கொல்லையில் முதல் சால் ஓட்டிக்கொண்டு போனார். மனுஷன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, எனக்கே கண் கலங்கிவிட்டது.

கொல்லைக் கோடியில் ஒரு பெரிய கல் கிடந்தது. அதை எடுத்துப் போட வண்டியை நிறுத்தினார். அங்கேதான் வந்தது வினை. பழைய லிவர் இழுத்த இடத்திலேயே நிற்கும். கியரை நியூட்ரலுக்கு எடுக்காமலே இறங்கிப் போய், வெற்றிலை போட்டுவிட்டுக்கூட வரலாம். இருபது வருடப் பழக்கத்தில் அவர் அப்படியே காலை எடுத்து இறங்கப் போனார். வண்டி குலுங்கிக் கிளம்பியது. அவர் மல்லாந்து விழுந்தார். எதிரே பத்துப் பதினைந்து தப்படியில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு.

எழுந்து பக்கத்திலேயே ஓடினார். ஓடியபடியே லிவரை இழுக்க இடது கையை நீட்டினார். லிவர் எங்கே இருக்கிறது? நான்தான் அறுத்துவிட்டேனே. வெறும் காற்றைப் பிடித்தது கை. மறுபடி நீட்டினார், மறுபடியும் காற்று. பெடலை வைத்தவன் நான், எனக்குக் கால் தரையை விட்டுக் கிளம்பவில்லை.

அந்த அம்மாதான் ஓடினார். பின்பக்கமாகத் தாவி ஏறி, உட்காரவில்லை, இரண்டு காலையும் பெடல் மேல் வைத்து எழுந்து நின்றுவிட்டார். வண்டி நின்றது. முன்சக்கரத்துக்கும் கிணற்றுக்கும் நடுவே இரண்டு முழம் இருக்கும். எஞ்சின் மட்டும் டொப், டொப் என்று அடித்துக்கொண்டிருந்தது.

"கால எடுக்க மாட்டேண்ணே. அடுத்தது இன்னா பண்ணணும், சொல்லுங்க," என்றார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. ஏறிப்போய்க் கியரை எடுத்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் மயிர்க்கூச்செறிகிறது. அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டேன், பொய்யில்லை.

டிராக்டர்காரர் வரப்பில் உட்கார்ந்து இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம்புத்திக்கு லிவர்தான் தெரியுது மேஸ்திரி. ஆபத்துன்னா கைதான் போவுது, கால் போவல. இனிமே மாறாது," என்றார். பிறகு மனைவியைப் பார்த்து, "உனக்குப் பழைய பழக்கம் எதுவும் இல்லியே. நீயே ஓட்டு," என்றார்.

அந்த அம்மா கேலியா என்று அவர் முகத்தைப் பார்த்தார். கேலி இல்லை. ஆறாம் நாள் முழுக்க அவர் வண்டிக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்தபடி, "கியர எடு, அப்பறமா எறங்கு" என்று கத்திக்கொண்டே இருந்தார். எடு எடு என்று அவர் அதட்டியதும், தெரியும் தெரியும் என்று அந்த அம்மா திருப்பி அதட்டியதும் ஊருக்கே கேட்டது.

மறியல் முடிந்தது. சாய்த்த மரத்தை எடுத்தால்தான் எங்கள் லாரி நகரும். மரத்தை அறுத்தவர்களே கயிறு கட்டி இழுத்துப் பார்த்துவிட்டு ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது டொப், டொப் என்று சத்தம். மேலே அந்த அம்மா. எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். டிராக்டர்காரர் இடது கையாலும் பல்லாலும் சங்கிலியை மரத்தில் மாட்டிவிட்டு ஒதுங்கினார். பொங்குகிற பாலுக்கு அடுப்பைத் தணிக்கிற நிதானத்தில் அந்த அம்மாவின் கால் பெடலோடு மேலே வந்தது. சங்கிலி விறைத்தது. முன்சக்கரம் ஒரு சாண் எழும்பி இறங்கியது. அப்புறம் அவ்வளவு பெரிய மரம் நகர்ந்தது.

மாமியார் வீட்டிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்த டிரைவர், லாரிக்குள் எட்டிப் பார்த்தான்.

"வண்டிய வெட்டிட்டியா? சரக்கு எங்க?"

அறுத்து எடுத்த லிவரை லாரிக்குள் எறிந்தேன்.

"இவ்ளோதான் வெட்ட முடிஞ்சுது. மிச்சம் அதோ, மரத்த இழுத்துக்கினு போவுது."