தலை நசுக்கிய புழுக்கள்

எர்னா ஒவ்வொரு புழுவையும் கட்டைவிரல் நகத்தால் தலையில் நசுக்கிவிட்டுத்தான் பறவைக் கூண்டின் கிண்ணத்தில் போடுகிறாள். மாவுப்புழு, விரல்கடை நீளம், வைக்கோல் நிறம். காலையில் நாற்பது, மத்தியானம் பள்ளிச் சமையலறையில் பாத்திரம் கழுவிவிட்டு வந்ததும் நாற்பது. நகத்தில் ஒட்டியதை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே அடுத்ததை எடுப்பாள்.

மெகெலன் நகரத்துப் பறவைச் சங்கத்தில் பாதிப் பேருக்கு இந்தப் பழக்கம் உண்டு. உயிரோடு உள்ளே போன புழு, குஞ்சின் வயிற்றைக் கடித்துத் துளைத்துவிடுமாம். கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை. பார்த்தவரைத் தெரிந்தவர்கள் ஏராளம். எர்னாவுக்கு அது போதும். அடுப்பை அணைத்துவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து தொட்டுப் பார்க்கிறவள் அவள். பேருந்து பாலத்தில் ஏறினால் எழுந்து கதவருகே போய் நின்றுகொள்வாள்.

ஏழு வருடம் காத்திருந்த பிறகு, இந்த மே மாதம்தான் அவளுடைய சோலைப்பாடிப் பறவை ஜோடி முதன்முதலாக நாலு குஞ்சு பொரித்தது. விதையில் வளரும் சாதியில்லை அது. பூச்சியின் சத்து இல்லாவிட்டால் குஞ்சு தேறாது. மூன்றாம் நாள் ஒன்று செத்துக் கிடந்தது, மறுநாள் இன்னொன்று. கிண்ணத்தில் புழு போட்டது போட்டபடி இருந்தது. சரியாகச் சாகாத புழு ஏதோ கடித்திருக்கும் என்று எர்னா இன்னும் கவனமாக, இன்னும் அழுத்தி நசுக்கினாள்.

ஐந்தாம் நாள் சங்கத்துக்காரர் ஓடீல் வந்தார். கிண்ணத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“இதென்ன எர்னா, இழவு வீடா? பொணத்தை வரிசையா கிடத்தியிருக்கே. நெளிஞ்சாத்தான் தாய்க்கு அது தீனின்னு தெரியும். அசையாததை எப்படி எடுத்து ஊட்டும்?”

“வயித்தைக் கிழிச்சிட்டா?”

“பட்டினி கிழிக்கலையா? ரெண்டு போச்சு. நீ இப்படியே உக்காந்திருந்தா, சாயங்காலம் மிச்ச ரெண்டும் போயிடும்.”

அவர் போன பிறகு எர்னா வெகுநேரம் புழு டப்பாவைக் கிளறினாள். அப்போதுதான் தோல் உரித்த வெள்ளைப் புழுக்களாகத் தேடினாள். அவற்றின் வாய் இன்னும் கெட்டிப்படாமல் இருக்கும் என்று ஒரு நப்பாசை. இரண்டுதான் தேறின. விரல் தன் போக்கில் தலைக்குப் போயிற்று, நின்றது, மறுபடி போயிற்று. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கிண்ணத்தில் போட்டாள்.

பெட்டை குச்சியை விட்டுப் பாய்ந்து இறங்கியது. நெளியும் புழுவைக் கவ்வி, அதே வேகத்தில் கூட்டுப் பெட்டிக்குத் தாவியது. ஒரு குஞ்சு மஞ்சள் வாயைப் பிளந்தது. புழு வாலை ஆட்டிக்கொண்டே உள்ளே போனது. பெட்டை இரண்டாவதற்காகத் திரும்பிப் பறந்தது.

எர்னா இரண்டு கையாலும் தன் வயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கூண்டின் முன்னால் மெல்லக் குந்தினாள்.