நத்தார்ச் சோறும் கல்முனைக்குடிக் கிடாரமும்

சாப்பாட்டுக் கடை வைத்தவனுக்குப் பசியோடு வருகிறவனால் ஒரு தொல்லையும் இல்லை. பசியில்லாமல், நல்ல நாளுக்கு ஓடர் கொடுக்க வருகிறவனிடம்தான் அவன் மாட்டிக்கொள்வான். அடுப்போடு மாரடித்து, அகப்பையோடு பழியும் சுமந்த என் சக பாவிகளே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எழுபத்தேழில் கல்முனைக்குடியில் கடை திறந்தபோது கந்தூரி, கல்யாணம், பெருநாள் இவ்வளவும்தான் என் கணக்கில் இருந்தன. கிறிஸ்தவர்களின் கிறிஸ்மஸ், நாங்கள் சொல்லும் நத்தார், இருக்கவில்லை. அது தானாக வந்து சேர்ந்தது.

அடுப்புக்கு மேல் தென்னை

எழுபத்தெட்டில் சூறாவளி அடித்தபோது நின்ற தென்னைகளை எண்ணுவது லேசாக இருந்தது. விழுந்தவற்றை யாரும் எண்ணவில்லை. என் கடைக்குப் பின்னால் இருந்த நெல் ஸ்டோரின் சுவர் காற்றைத் தாங்கிக்கொண்டதால் நாலு தகரம் போனதோடு நான் தப்பினேன். நத்தாருக்கு இரண்டு கிழமை இருக்கும்போது பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பிலிருந்து கிரேஸ் டீச்சர் கடைக்கு வந்தார். "முதலாளி, பன்னிரண்டு பேருக்கு நத்தார்ச் சாப்பாடு ஆக்கித் தருவீங்களா?" என்றார். நத்தாருக்கு என்ன ஆக்குவது என்று எனக்குத் தெரியாது என்றேன். "கோழி, மஞ்சச் சோறு, கட்லட். கொஞ்சம் சந்தோசமா ஆக்கினா அதுதான் நத்தார்" என்றார். அவருடைய மாமியாருக்குத்தான் இதில் விருப்பம் இல்லையாம். நல்ல நாளில் அடுப்பு மூட்டாத வீடும் ஒரு வீடா என்று கேட்டாராம். அடுப்புக்கு மேலே தென்னை படுத்திருக்கிறது என்று டீச்சர் சொன்னால், அதற்குப் பக்கத்தில் மூட்டு என்றாராம்.

என் கடையில் சமைத்தவர் ஆதம்பாவாக் காக்கா, ஊருக்கே அண்ணன் முறை. முப்பது வருஷம் கல்யாண வீடுகளில் ஆளுயரச் சோற்றுக் கிடாரம் ஏற்றி இறக்கிய மனிதர். நாங்கள் இரண்டு பேரும் சைக்கிளில் சட்டிகளைக் கட்டிக்கொண்டு பாண்டிருப்புக்குப் போனோம். கூரை இல்லாத வீட்டில் இழுத்துக் கட்டிய படங்குத் துணிக்குக் கீழே பன்னிரண்டு பேரும் வெள்ளை உடுப்போடு குந்தியிருந்தார்கள். மாமியார் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு வாய் வைத்தார். மறுகா இன்னொரு வாய். பிளேட் வெறுமையானதும் எங்களைப் பார்த்துச் சொன்னார்:

"உப்புக் குறைவு போலத்தான் இருக்கு. இன்னும் ரெண்டு அகப்பை போடுங்க, சரியாத் தெரியல்ல."

அடிப்பிடித்த சோறு

அடுத்தடுத்த வருஷங்களில் எல்லா வீட்டுக்கும் கூரை வந்தது, அடுப்பும் வந்தது. ஓடர் மட்டும் குறையவில்லை, கூடியது. ஆனால் ஒரு வித்தியாசம். சூறாவளி வருஷத்தில் கடைச் சட்டியிலேயே வாங்கியவர்கள் இப்போது தங்கள் வீட்டுச் சட்டியைக் கொடுத்தனுப்பினார்கள். பக்கத்து வீட்டார் பார்க்கும்போது அது வீட்டில் ஆக்கியதாக இருக்க வேண்டும். வங்கியில் வேலை செய்த டேனியல் ஐயாவின் மனைவி மேரி அக்கா இன்னும் ஒரு படி மேலே போனார். "முதலாளி, உங்கட சோறு மல்லிகைப்பூப் போல இரிக்கி. ஆர் நம்புவாங்க? அடியில கொஞ்சம் கருக விடச் சொல்லுங்க" என்றார். உள்ளே போய்ச் சொன்னேன். ஆதம்பாவாக் காக்கா அகப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"முப்பது வருசம் அடிப்பிடிக்காம ஆக்கப் பழகினன். அதை மறக்க எத்தின நாள் எடுக்கும் எண்டு அந்தப் புள்ளைக்கிட்டக் கேட்டுட்டு வாங்க."

ஒரு வீட்டுக்கு இரண்டு ஓடர்

ஆனாலும் காக்கா அந்த முறை கொஞ்சம் கருக விட்டார். அதன் பலனை நான் அடுத்த வருஷம் அனுபவித்தேன். நத்தாருக்கு ஒரு கிழமை இருக்கும்போது மேரி அக்கா வழக்கம்போல ரகசியமாக வந்து, தன் சட்டியைத் தந்துவிட்டுப் போனார். அடுத்த நாள் டேனியல் ஐயா வந்தார், அவரைவிட ரகசியமாக. வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, "போன நத்தாருக்கு மனிசி ஆசையா ஆக்கினா, முதலாளி. அடிப்பிடிச்சுப் போச்சு. நான் ஒண்டும் சொல்லாமத் திண்டன். இந்த முறை ஆபத்துக்கு உதவ ஒரு சட்டி எடுத்து வையுங்க. அவவுக்கு மட்டும் தெரியக் கூடா" என்றார்.

எனக்கு இரண்டு நாளாக நித்திரை இல்லை. ஒருவர் ரகசியத்தை மற்றவருக்குச் சொல்லவும் முடியாது. அந்தச் சின்னக் குடும்பம் இரண்டு சட்டிச் சோற்றைத் தின்று முடிக்கவும் முடியாது. கடைசியில் ஆதம்பாவாக் காக்காவிடம் அடிப்பிடிக்காமல் ஒரே ஒரு சட்டி மட்டும் ஆக்கச் சொல்லி, அதை நத்தாரன்று காலையிலேயே மேரி அக்காவின் பின்வாசலுக்கு அனுப்பினேன். பதினொரு மணிக்கு டேனியல் ஐயா வந்து நின்றார். "ஐயா, முதல்ல வீட்ட போய் மூடியத் திறந்து ஒருக்கா ருசி பாருங்க. சரி வராட்டி வாங்க, நான் பார்த்துக்கொள்றன்" என்றேன். அரை மணித்தியாலம் கடைக்கு உள்ளும் வெளியுமாக நடந்தேன். மனிதர் சைக்கிளைச் சுவரில் சாத்தாமல் போட்டுவிட்டு ஓடி வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"குறை நினைக்காதீங்க முதலாளி, இந்த முறை என்ட மனிசி உங்களையும் வெண்டுட்டா!"

பெயர் சொல்லாத இறைச்சி

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நத்தார் என் கடையையே மூடப் பார்த்தது. ஊருக்குப் புதிதாக வந்த ரோட்டு வேலை ஓவசியர் ஒருவர் டிசம்பர் பிறந்ததும் கடைக்கு வந்து, நத்தாருக்குப் பன்றி இறைச்சி பொரித்துத் தர முடியுமா என்று உரத்துக் கேட்டார். அவருக்கு ஊர் தெரியாது, பாவம். நான் பதறி, அந்தச் சாமான் இந்த வாசலுக்கே வராது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் மேசையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த யாரோ கேள்வியை மட்டும் கேட்டுவிட்டுப் பதிலைக் கேட்காமல் எழும்பிப் போய்விட்டார். மாலைக்குள் நான் பொரிக்கப் போவதாகக் கதை வந்தது. அடுத்த நாள், பொரித்துவிட்டேன் என்று வந்தது. அதற்கடுத்த நாள், சூறாவளிக் காலத்திலிருந்தே பொரிக்கிறேன் என்று வந்தது. இரண்டு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு கடைக்குள் பறந்து வந்த இலையான்கள் மட்டும் சாப்பிட்டன. ஆதம்பாவாக் காக்கா கழுவின கிடாரத்தையே திரும்பத் திரும்பக் கழுவினார். என் மனைவி சுபைதாவிடம் பக்கத்து வீட்டுப் பெண்கள் கறிக்கிண்ணம் வாங்குவதையும் நிறுத்தியிருந்தார்கள்.

மூன்றாவது வெள்ளி, பாலமுனையிலிருந்து நெய்னா ஹாஜியார் வந்தார். தன் மகளின் கல்யாணச் சாப்பாட்டு ஓடரை எனக்குத்தான் தந்திருந்தார். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. கூட வந்த நாலு பேரும் நின்றார்கள். அவர் வாயைத் திறக்குமுன் கிரேஸ் டீச்சர் வாசலில் வந்து நின்றார். நத்தார் ஓடர் கொடுக்க வந்தவர். ஊரில் உலவும் கதை அவருக்கும் எட்டியிருந்ததா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. "முதலாளி, உங்களோட எனக்குக் கோபம்!" என்று முழுக் கடையும் கேட்கத் தொடங்கினார். "எங்கட மாமி ஒவ்வொரு வருசமும் ஒரு துண்டு, ஒரே ஒரு துண்டு அந்த இறைச்சி எண்டு கேக்கிறா. நீங்க பேர் சொல்லவும் விடுறீங்க இல்ல. வெளியில பொரிச்சுக் கொண்டு வாறம், சட்டிய மட்டும் தாங்க எண்டாலும் தாறீங்க இல்ல. உங்களால எங்கட வீட்டில நத்தாருக்கும் ஹலால்தான்!" ஹாஜியார் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பின்னால் கிடாரத்தோடு நின்ற ஆதம்பாவாக் காக்காவைப் பார்த்தார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"டீச்சர், என்ட மகள்ர கல்யாணத்துக்கு நீங்களும் மாமியும் வரவேணும். சோறு இந்த மனிசன்தான் ஆக்குறாரு."

என் வீட்டுத் தீர்ப்பு

அந்த வருஷம் கடை மீண்ட சந்தோசத்தில் நத்தார் ஓடர்களை முடித்துக்கொண்டு பகல் இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போனேன். சுபைதா எனக்காகக் கோழிக்கறியும் சோறும் ஆக்கி வைத்திருந்தாள். ஒரு வாய் வைத்தேன், அருமையாக இருந்தது. என் வாய் சும்மா இருக்குமா? "சுபைதா, கடைச் சாப்பாடு தோத்துப் போகும்!" என்றேன். பாராட்டு என்றுதான் நினைத்தேன். அவள் தண்ணீர்க் கோப்பையைச் சத்தமாக வைத்தாள்.

"உங்கட சோத்தத் தின்றவங்க வீட்டுச் சோறு போல இரிக்கி எண்டுறாங்க. என்ட சோத்தத் தின்ற நீங்க கடைச் சோத்த நினைக்கிறீங்க. ஒருத்தருக்கும் கண்ணுக்கு முன்னால உள்ளது தெரியாதா?"

இருபது அடி தூரம்

எண்பதுகளின் நடுவில் தமிழரும் முஸ்லிம்களும் அடிபட்டுக்கொண்ட ஒரு காலம் வந்தது. அதைப் பற்றி அதிகம் கதைக்க எனக்கு விருப்பமில்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் அந்தப் பக்கம் போவதில்லை, அந்தப் பக்கத்து ஆட்கள் இந்தப் பக்கம் வருவதில்லை. நடுவில் தெருவில் மரக்குற்றிகளும் ஆமிக்காரன் காவல் நிற்கும் ஒரு சென்றியும். அந்த நத்தாருக்கு யாரும் ஓடர் தர வரவில்லை; வரவும் முடியாது. நத்தார் அன்று காலை நான் கடைக்குப் போனால், ஆதம்பாவாக் காக்கா கோழியை வெட்டி, மஞ்சளையும் அரைத்து முடித்திருந்தார். யாருக்கு என்று கேட்டேன். "பன்னிரண்டு பேருக்கு" என்றார். ஓடர் இல்லையே என்றேன். "ஓடர் தராட்டி அவங்களுக்குப் பசிக்காதா?" என்றார்.

இரண்டு சட்டிகளையும் சுமந்துகொண்டு சென்றிவரைக்கும் போனோம். எங்கள் ஆட்கள் பின்னால் நின்று, போகாதீங்க என்று கத்தினார்கள். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் கிரேஸ் டீச்சர் மற்றப் பக்கத்துக் குற்றிகளுக்கு அங்கால் வந்து நின்றார். அவருக்குப் பின்னாலும் அவருடைய ஆட்கள் நின்று கத்தினார்கள். நடுவில் இருபது அடி இருக்கும். அவர் ஒரு அடி வைக்கவில்லை, நான் ஒரு அடி வைக்கவில்லை. எனக்குப் பயம், பொய் சொல்ல மாட்டேன். டீச்சர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். சென்றியில் நின்ற ஆமிக்காரன் மூடியைத் திறந்து பார்த்தான். நல்ல வாசனை போல, கொஞ்ச நேரம் மூடவில்லை. பிறகு இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டு, துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு சட்டியாகத் தூக்கி அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தான். ஆதம்பாவாக் காக்கா அடுப்பிலிருந்து இறக்கியதை அப்படியே கொண்டுவந்தவர். பிடிதுணியை அவனுக்குக் கொடுக்க எங்கள் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. திரும்பி வந்தவன் கைகளை உதறிக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்:

"சண்டை நீங்க ரெண்டு பேர். சூடு மட்டும் எனக்கா?"

டீச்சரின் அடுப்பு

பாதை திறந்து, ஆட்கள் முகம் பார்த்துக் கதைக்கத் தொடங்கி, அதற்குப் பிறகு வந்த ஒரு நத்தாருக்குக் கிரேஸ் டீச்சர் கடைக்கு வந்து, இந்த முறை ஓடர் இல்லை என்றார். எனக்கு முகம் வாடிவிட்டது. "நானே ஆக்கப் போறன். நீங்களும் ஆதம்பாவாக் காக்காவும் சாப்பிட வரவேணும்" என்றார். புதுச் சட்டி வாங்கியிருந்தார். மூன்று கோழிகளைக் கூடையில் போட்டுக் கொண்டுவந்து, எங்கள் ஆளைக் கொண்டே ஹலாலாக அறுப்பித்துக்கொண்டு போனார். ஆதம்பாவாக் காக்கா தன் கையால் ஆக்காத சோற்றை வெளியில் தின்னாதவர். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். அன்று பெருநாள் சட்டையை உடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் சைக்கிளில் ஏறினார்.

உண்மையைச் சொல்ல வேண்டும். சோறு குழைந்திருந்தது. கோழி வெளியே கறுத்து, உள்ளே வேகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி கதவோரம் நின்று எங்கள் வாயையே பார்த்தார். நான் தண்ணீரைக் குடித்துக் குடித்து விழுங்கினேன். ஒரு காலத்தில் அடுப்பு மூட்டாத வீடும் வீடா என்று கேட்ட மாமியார் பிளேட்டைத் தள்ளிவைத்து, "என்னதான் வீட்டில ஆக்கினாலும் கடைச் சாப்பாடு போல வருமா?" என்றார். டீச்சரின் கண் கலங்கிவிட்டது. ஆதம்பாவாக் காக்கா தலை நிமிரவில்லை. பிளேட்டை வழித்துத் தின்றுவிட்டு, இன்னொரு தரம் தானே எடுத்துப் போட்டார். பிறகுதான் மாமியாரைப் பார்த்தார்.

"சும்மா இரிங்கம்மா. இத்தின வருசம் நத்தாருக்கு ஆக்கினன். இண்டைக்குத்தான் நத்தார்ச் சோறு திண்டன்."

கடையில் வாங்குகிறவர்கள் அதை வீட்டுச் சமையல் என்று சாதிப்பார்கள், வீட்டில் ஆக்குகிறவர்கள் கடையைப் போல வரவில்லையே என்று அழுவார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் ஒரு கிடாரத்தை ஏற்றிவைத்துக்கொண்டு குந்தியிருந்தவன் பட்டினி கிடந்ததாக எங்கள் ஊரில் சரித்திரம் இல்லை.